தெருமுனை லேப்ரடாருக்கு எலிக்காய்ச்சலாம். நம்ம ஏரியா நாய்களுக்கு இது சகஜமா?

செவலை அம்மா (முடிச்சூர்)

வணக்கம். எங்க தெருமுனை வீட்டு லேப்ரடார் போன வாரம் செத்துப்போச்சு. சாப்பாட்டத் தொடல, ஓயாம வாந்தி, அப்புறம் கண்ணு வெள்ளையே மஞ்சளாயிடுச்சுன்னு அந்த அக்கா சொன்னாங்க. முதல்ல பாத்த இடத்துல உண்ணிக் காய்ச்சல்னு ட்ரிப்ஸ் ஏத்தியிருக்காங்க. வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள மூத்திரமே நின்னுடுச்சாம். அங்க தான் "எலிக்காய்ச்சல் மாதிரி இருக்கு, கிட்னி போயிடுச்சு"ன்னு சொல்லியிருக்காங்க.

எங்க வீட்ல செவலைன்னு ஒரு நாட்டு நாய், நாலு வயசு. குட்டியில எல்லா ஊசியும் போட்டாச்சு. இப்ப வெறிநாய் ஊசி மட்டும் வருஷா வருஷம் தவறாம போடறோம். எங்க ஏரியா பத்தி இங்க யாருக்கும் விளக்க வேண்டாம், 2015 சென்னை வெள்ளத்துல டிவியில பாத்திருப்பீங்க. அந்த அளவு இல்லாட்டியும் ஐப்பசி பொறந்தா காலி மனையெல்லாம் குளம் தான். வாக்கிங் போனா இவன் அந்தத் தண்ணில ஒரு வாய் நக்காம வீடு திரும்ப மாட்டான். காம்பவுண்ட் ஓரமா பெருச்சாளி வளை வேற.

நாய்க்கு இது உண்மையிலேயே அடிக்கடி வர்ற நோயா, இல்ல அந்த லேப்ரடாருக்குக் கெட்ட நேரமா? எந்த மாதிரி நாய்க்கு ஆபத்து அதிகம்? எங்க வீட்டுக்காரர், "எலி கடிச்சா தானே வரும், நம்மாளு எலியக் கண்டா கட்டிலுக்கடியில பூந்துக்கறவன், இவனுக்கு எங்க வரப்போகுது"ங்கறார்.

பம்மல் பாலு

மேடம், ரொம்ப பயப்படாதீங்க. நான் சின்ன வயசுலேர்ந்து நாய் வளக்கறவன். எங்க பக்கம் எந்த நாய்க்கு உடம்பு சரியில்லைன்னாலும் கடைசியில உண்ணிக் காய்ச்சல்னு தான் முடியும். எலிக்காய்ச்சல் எல்லாம் கேரளாவுல, வயல்ல இறங்கி வேலை செய்யற மனுஷங்களுக்கு வர்றது. உண்ணிக்கு மாத்திரை ஒழுங்கா குடுத்துட்டு வாங்க, போதும்.

வேப்பேரி பழைய மாணவன்

நான் கால்நடை டாக்டர். தாம்பரம் பக்கம் தான் ரொம்ப வருஷமா கிளினிக். பாலு சார் சொல்றதுல பாதி சரி. சென்னையில நாய்க் காய்ச்சல்னா உண்ணிக் காய்ச்சலுக்குத் தான் முதலிடம், சந்தேகமே இல்ல. ஆனா அந்தப் பேருக்குப் பின்னாடி தான் எலிக்காய்ச்சல் பாதி நேரம் ஒளிஞ்சிக்குது.

காய்ச்சல், சோறு வேண்டாங்கறது, வாந்தி, ப்ளேட்லெட் இறங்கறது, இதெல்லாம் ரெண்டுலயும் வரும். உண்ணியால வர்ற பேபீசியாவுலயும் கண்ணு மஞ்சளாகும், மூத்திரம் காபி டிகாக்‌ஷன் நிறத்துல போகும். உண்ணியால வர்ற இன்னொரு நோய் எர்லிக்கியா, அதுக்கு நாங்க எழுதற மாத்திரை டாக்சிசைக்ளின். எலிக்காய்ச்சலுக்கும், அதாவது லெப்டோவுக்கும், அதே டாக்சிசைக்ளின் தான். இப்ப யோசிங்க. உண்ணிக் காய்ச்சல்னு நினைச்சு மாத்திரை எழுதறோம், நாய் எழுந்து வால் ஆட்டுது, எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போறாங்க. அது லெப்டோவா இருந்திருந்தாலும் எந்தக் கணக்குலயும் ஏறாது. கணக்குல ஏறுறது மஞ்சள் காமாலையோட, கிட்னி அடிபட்டு, டெஸ்ட்டுக்கும் காசு இருக்கற வீட்டு நாய் மட்டும் தான். அதனால "நான் பாத்ததே இல்ல"ங்கறத நான் பெருசா எடுத்துக்க மாட்டேன். என் சக டாக்டர்களே அப்படிச் சொல்வாங்க. டெஸ்ட் பண்ணாதவங்க கண்ணுக்கு எப்படித் தெரியும்?

அதுக்காகத் தெருவுல பாதி நாய் இதுல சாகுதுன்னும் நினைச்சிடாதீங்க. நல்லாத் திரியற நாய்களோட ரத்தத்த எடுத்துப் பாத்தா லெப்டோவுக்கு எதிரான ஆன்டிபாடி நிறைய நாய்கள்ல தென்படும். இந்தியாவுல பல ஊர்ல பாத்திருக்காங்க. சதவீதம் ஊருக்கு ஊர் ஏகத்துக்கு மாறும், மழைக்கு முன்னாடி எடுத்தாங்களா பின்னாடி எடுத்தாங்களாங்கறதப் பொறுத்தும் மாறும். அந்த நாய்கள்ல பெரும்பாலானது கிருமியச் சந்திச்சு, லேசா முடியாம கிடந்தோ அதுகூட இல்லாமலோ தாண்டிப் போனது. கிருமி சகஜம். உயிர எடுக்கற அளவுக்கு முத்தறது அவ்வளவு சகஜம் இல்ல, ஆனா அபூர்வமும் இல்ல. மழை விட்ட பிறகு வர்ற வாரங்கள்ல மஞ்சள் கண்ணோட வர்ற நாய்க்கு நான் முதல்ல கேட்கற கேள்வி, "தண்ணில இறங்குச்சா?" 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் அந்தக் கேள்விக்கு "இல்ல"ன்னு பதில் சொன்னவங்களே குறைவு.

உங்க வீட்டுக்காரருக்கு: எலி கடிக்கவே வேண்டாம் சார். எலி, பெருச்சாளி கிட்னிக்குள்ள இந்தக் கிருமி குடும்பம் நடத்துது. எலிக்கு ஒண்ணும் ஆகாது, அது பாட்டுக்குப் போற இடமெல்லாம் மூத்திரத்துல கிருமியக் கலந்து விட்டுட்டே போகும். வெயில்ல காஞ்ச மண்ணுல அது சீக்கிரம் செத்துடும். நம்ம ஊர் வெதுவெதுப்புல, ஈர மண்ணுல, தேங்கின தண்ணில வாரக்கணக்குல கிடக்கும், சில சமயம் மாசக்கணக்குல. நாய் அதுல வாய வைக்கும்போது வாய், மூக்கு, கண்ணு ஓரச் சவ்வு வழியா உள்ள போகும். கால் விரலிடுக்குல சின்னச் சிராய்ப்பு இருந்தா அது போதும். ரொம்ப நேரம் தண்ணில ஊறிப் பஞ்சான தோல் வழியாவும் போகும். உங்காளு கட்டிலுக்கடியில இருந்தாலும், பெருச்சாளி ராத்திரி வாசல்ல வந்து போயிருக்கும்.

எந்த நாய்க்கு ஆபத்து அதிகம்ங்கறதுல பழைய பாடப்புத்தகமும் இன்னைக்கு நாங்க பாக்கறதும் கொஞ்சம் வேற. "பெரிய ஆண் நாய், வேட்டை நாய், பண்ணை நாய்"னு தான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. இப்போ ஃப்ளாட்டுக்குள்ள வளர்ற சின்ன நாய்க்கும் வருது. நகரத்துல எலிக்கும் நாய்க்கும் நடுவுல இருக்கறது ஒரு குப்பைத்தொட்டி தூரம் தான். நான் பாக்கற வரிசை இது: ஊசி காலாவதியான நாய், தேங்கின தண்ணில வாய் வைக்கற நாய், ராத்திரி மிச்சச் சோத்துத் தட்டு வெளியிலயே கிடக்கற வீட்டு நாய், மத்த நாய்களோட நெருக்கி அடைச்சு வைக்கற நாய். செவலை முதல் ரெண்டுலயும் இருக்கான்.

அந்த முதல் விஷயத்துல தான் எனக்கு ஆதங்கம். "குட்டியில எல்லா ஊசியும் போட்டாச்சு"ன்னு தினம் கேக்கறேன். டிஸ்டம்பர், பார்வோங்கற வைரஸ் நோய்களுக்கான ஊசியோட பலன் பல வருஷம் நிக்கும், அதனால குட்டியில போட்டதே ஓரளவு தாங்கும். அதே பாக்கெட்ல வர்ற லெப்டோவோட பலன் சுமார் ஒரு வருஷம் தான். உங்க ஊசிப் புத்தகத்த எடுத்துப் பாருங்க. அந்த ஊசி ரெண்டு குப்பியா வரும். ஒண்ணுல வெள்ளையா காஞ்ச பொடிக்கட்டி, ஒண்ணுல தண்ணி மாதிரி திரவம். பொடிக்கட்டி டிஸ்டம்பர், பார்வோ கூட்டம். பல கம்பெனியில அந்தத் திரவம் தான் லெப்டோ. அதக் கலக்கி ஒரே ஊசியாப் போடுவோம். திரவம் வெறும் கரைப்பானா இருந்தா லெப்டோ உள்ளயே போகலைன்னு அர்த்தம். புத்தகத்துல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் ரெண்டையும் படிங்க. லெப்டோன்னு பேர் இருக்கா, எத்தனை வகைக்குன்னு இருக்கான்னு பாருங்க. நாலு வருஷமா விட்டிருந்தா ஒரு பூஸ்டரோட முடியாது. முதல்லேர்ந்து ரெண்டு ஊசி, நடுவுல மூணு நாலு வாரம் இடைவெளி. மழைக்கு முன்னாடியே முடிச்சா நல்லது. ஐப்பசி வரட்டும்னு காத்திருந்தா ரெண்டாவது ஊசிக்குள்ள அவன் குளத்துல இறங்கியிருப்பான்.

கோட்டாறு மாமா

நான் நாகர்கோவில். எங்க பொண்ணு நாய்க்கு வந்து பிழைச்சுது, அதனால எழுதுதேன். வீட்டுக்குப் பின்னால வாய்க்கால், அதுக்கு அந்தப் பக்கம் வயல், பக்கத்துலயே மாட்டுத் தொழுவம். இந்த மூணும் இருந்தா கேக்கணுமா.

எங்க நாய்க்கு மஞ்சள் காமாலையே வரல, பாத்துக்கிடுங்க. அதனால தான் எல்லாரும் குழம்பினோம். முதல்ல இடுப்புல கை வச்சா கத்துச்சு, எங்கயோ விழுந்திருக்கும்னு நினைச்சோம். அப்புறம் வாளி வாளியாத் தண்ணி குடிச்சுது, குடிச்சத எல்லாம் மூத்திரமா விட்டுது. சாப்பாடு சுத்தமா இல்ல. ரத்தம் எடுத்துப் பாத்ததுல கிட்னி அடிபட்டா ஏறற கிரியாட்டினின் ஏறியிருக்கு. டாக்டரம்மா டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம அன்னைக்கே ஆம்பிசிலின் ஊசியும் ட்ரிப்ஸும் ஆரம்பிச்சாங்க. வாந்தி நின்ன பிறகு ரெண்டு வாரத்துக்கு டாக்சிசைக்ளின். வெறும் வயித்துல குடுத்தா கக்கிடும், சோத்துக்குள்ள வச்சு உருட்டிக் குடுக்கணும், அது பெரிய கூத்து.

ஒரு விஷயம் எங்களுக்குத் தெரியாம இருந்தது. இன்னொரு நாயும் வீட்ல உண்டு, அது ஜம்முன்னு தான் இருந்தது. அதுக்கும் மாத்திரை குடுக்கணும்னுட்டாங்க. ஒரே வாய்க்கால்ல தான ரெண்டும் புரளுது. முடிச்சூரம்மா, உங்க தெருமுனை வீட்ல வேற நாய் இருக்கான்னு கேட்டுப் பாருங்க.

சோத்துமூட்டை ரேகா

தெரு நாய்களுக்குச் சோறு வைக்கறவ நான். டாக்டர் சார் சொன்ன "மிச்சச் சோத்துத் தட்டு" எனக்குச் சுருக்குன்னு தைச்சுது, ஆனா ஒத்துக்கறேன். எங்க குழுவுல இப்ப சட்டமே போட்டிருக்கோம்: சோறு வச்சா நாய் தின்னு முடிக்கற வரைக்கும் பக்கத்துல நிக்கணும், மிச்சத்த எடுத்துட்டு வரணும், தண்ணித் தொட்டிய தினம் கவுத்துத் தேய்ச்சு வெயில்ல காயவைக்கணும். நைட்டு போய்ப் பாத்தா தெரியும், நாய்க்கு வச்ச தட்டுல பெருச்சாளி உட்காந்து நிதானமாச் சாப்பிட்டுட்டு இருக்கும். நாய் தூரத்துல நின்னு வேடிக்கை பாக்கும். அவ்வளவு தைரியம் அதுங்களுக்கு.

எலிக்கு மருந்து மட்டும் வச்சிடாதீங்க. மருந்து தின்ன எலிய நாய் கவ்வினா அது தனிக் கதை, ரத்தம் உறையாமச் சாகும். பொறி வைங்க, வளைய அடைங்க.

டாக்டர், எனக்கு ஒரு கேள்வி. தீபாவளிக்கு ஊருக்குப் போறேன், என் வீட்டுப் பொமரேனியன ஹாஸ்டல்ல விடணும். அங்க எலி இல்ல, சுத்தமா டைல்ஸ் போட்டிருக்காங்க. அப்ப பிரச்சனை இல்ல தானே? இன்னொண்ணு, சின்ன நாய்க்கு லெப்டோ ஊசி ஒத்துக்காது, முகம் வீங்கிடும்னு ஒரு வாட்ஸப் குரூப்ல படிச்சேன்.

வேப்பேரி பழைய மாணவன்

ரேகா, டைல்ஸ் போட்ட ஹாஸ்டல்ல எலி இல்லாம இருக்கலாம். நாய் இருக்கே. லெப்டோவுல கேனிகோலான்னு ஒரு வகை நாயையே வீடாக்கிக்கிட்டது. நோய் வந்து சரியான நாய், மருந்து சரியாக் குடுக்கலைன்னா, வெளியில நல்லா இருந்துட்டே மாசக்கணக்குல மூத்திரத்துல கிருமிய விடும். நாய்ங்க பழக்கம் தெரியும்ல, இன்னொன்னு மூத்திரம் போன இடத்த மோந்து பாக்காம, நக்காம இருக்குமா? 2021ல அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்துல சுமார் 200 நாய்க்கு வந்துச்சு. அது மழை கொட்டற ஊரே இல்ல. அதுல நிறைய நாய்ங்க ஹாஸ்டலுக்கும் பகல்நேரக் காப்பகத்துக்கும் போய் வந்தது. அங்கயும் சந்தேகம் கேனிகோலா மேல தான் விழுந்துச்சு. வர்ற நாய்க்கெல்லாம் லெப்டோ ஊசி போட்டிருக்கான்னு புத்தகத்த வாங்கிப் பாக்கற ஹாஸ்டலா பாத்து விடுங்க. "வெறிநாய் ஊசி போட்டீங்களா"ன்னு மட்டும் வாய்வார்த்தையாக் கேக்கற இடம் வேண்டாம்.

ஊசி ஒத்துக்காதுங்கறதுக்கு: பழைய காலத்து லெப்டோ ஊசிக்கு அந்தக் கெட்ட பேர் இருந்துச்சு, கொஞ்சம் நியாயமும் இருந்துச்சு. எந்த ஊசிக்கும் சில நாய்க்கு முகம் வீங்கும், சின்ன நாய்ல கொஞ்சம் கூடுதலா. இப்ப வர்ற ஊசியில அது குறைவு. அதுக்குத் தான் போட்ட உடனே ஓடாம கிளினிக்ல அரை மணி நேரம் உட்காரச் சொல்றோம். ஏற்கனவே வீங்கின அனுபவம் இருந்தா முன்கூட்டியே சொல்லுங்க, மத்த ஊசியோட சேக்காம தனி நாள்ல போடலாம். எங்க துறையில உலக அளவுல வழிகாட்டுறவங்களும் இப்போ நாய் சின்னது, ஃப்ளாட்ல இருக்குன்னு பாக்காம வருஷா வருஷம் போடச் சொல்ற பக்கம் தான் சாஞ்சிருக்காங்க. ஊசி எல்லா வகை லெப்டோவையும் தடுக்காது. கிருமியில 250க்கு மேல வகை இருக்கு, ஊசியில இருக்கறது ரெண்டோ நாலோ. ரெண்டு வகை, நாலு வகைன்னு ரெண்டும் கிடைக்கும்போது நான் நாலு வகைய எடுப்பேன்.

கோட்டாறு மாமா எழுதினத எல்லாரும் இன்னொரு தடவை படிங்க. மஞ்சள் இல்லாமலே வரும்ங்கறது எங்க ஆளுங்களுக்கே சில சமயம் மறந்துடுது. இன்னொண்ணு, அந்த டாக்டரம்மா ரிசல்ட்டுக்குக் காத்திருக்கல பாருங்க, அது சரியான வேலை. ஆனா மருந்து உள்ள போறதுக்கு முன்னாடி ரத்தமும் மூத்திரமும் எடுத்து வச்சிடணும், மருந்து போனா, கிருமியோட மரபணுவத் தேடற பிசிஆர் டெஸ்ட்ல அது சிக்காம போயிடலாம். முதல் வாரம் ரத்தத்துல தேடணும், அப்புறம் மூத்திரத்துல. எம்ஏடின்னு ஆன்டிபாடி அளவப் பாக்கற ஒரு டெஸ்ட் இருக்கு, மாதவரம் பால்பண்ணையில எங்க கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வகத்துல ரொம்ப காலமா லெப்டோவுக்குன்னே வேலை நடக்குது. அந்த டெஸ்ட்ட ஒரே தடவை எடுத்துட்டு முடிவு கட்டக் கூடாது. நோயோட ஆரம்பத்துல எடுத்தா இல்லைன்னே வரும், ஊசி போட்ட நாய்க்கு எடுத்தா இருக்குன்னு வரும். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுத்து நாலு மடங்கு ஏறியிருக்கான்னு பாக்கறது தான் கணக்கு. நாய் பிழைச்ச பிறகு ரெண்டாவது ரத்தம் குடுக்க யாரும் வர்றதில்ல, அது வேற சோகம்.

மூத்திரம் நின்னுபோன கட்டத்துலயும் எல்லாம் முடிஞ்சு போகல. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில நாய்க்கு டயாலிசிஸ் உண்டு. ஆனா அந்த லேப்ரடார் மாதிரி கடைசி நேரத்துல போனா எங்களால பெருசா ஒண்ணும் செய்ய முடியாது.

செவலை அம்மா (முடிச்சூர்)

எல்லாருக்கும் நன்றி. புத்தகத்த எடுத்துப் பாத்தேன். குட்டியில போட்டதுல ரெண்டு ஸ்டிக்கரும் இருக்கு, லெப்டோன்னு போட்டிருக்கு. அதுக்கப்புறம் எல்லாப் பக்கத்துலயும் வெறிநாய் ஊசி மட்டும் தான். சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன். வீட்டுக்காரர் இப்பவே வளைக்கு சிமெண்ட் வாங்கப் போயிட்டார்.

கோட்டாறு அண்ணே, கேட்டேன். அந்த வீட்ல இன்னொரு குட்டி இருக்கு. அது நல்லாத் தான் ஓடியாடிட்டு இருக்குன்னாங்க. இதச் சொன்னதும் அந்த அக்கா முகம் மாறிடுச்சு, உடனே டாக்டருக்குப் போன் போட்டாங்க.

அவங்களுக்காக இன்னும் ஒரு கேள்வி, டாக்டர் சார். வீட்ல அஞ்சு வயசுப் பையன் இருக்கான், அந்த லேப்ரடார் கூடவே புரண்டவன். நாய் படுத்திருந்த திண்ணை, மூத்திரம் போன இடமெல்லாம் இன்னும் அப்படியே இருக்கு. பைப் வச்சு அடிச்சுக் கழுவிடலாமான்னு கேக்கறாங்க. மனுஷங்களுக்கும் அந்த மாத்திரையவே முன்கூட்டி போட்டுக்கலாமா?

வேப்பேரி பழைய மாணவன்

பைப் வச்சு அடிக்க வேண்டாம்னு இப்பவே போன் பண்ணிச் சொல்லுங்க. தண்ணி தெறிச்சு கண்ணுல வாயில படறது தான் ஆபத்து. ரப்பர் கையுறை, செருப்பு போட்டுட்டு, ஒரு பங்கு கடையில விக்கற ப்ளீச்சிங் திரவத்துக்குப் பத்து பங்கு தண்ணி கலந்து மெதுவா ஊத்தி ஊறவிட்டு, துடைப்பத்தால தள்ளிவிடணும். ஆசிட்டையோ ஃபினாயிலையோ அதோட கலக்கக் கூடாது. திண்ணை காய்ஞ்சு வெயில் படட்டும், பாதி வேலைய வெயில் பாத்துக்கும். நாய் படுத்த சாக்கு, துணி எல்லாம் போகட்டும். குட்டி மூத்திரம் போற இடத்தையும் இதே மாதிரி, அது மாத்திரை முடிக்கற வரைக்கும்.

மனுஷங்களுக்கு மாத்திரை எழுதறது என் வேலை இல்ல. 2018 வெள்ளத்துல கேரளாவுல தண்ணில இறங்கினவங்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் குடுத்தாங்க, அது அரசாங்கமே டாக்டர்கள வச்சுச் செஞ்சது. அத வச்சு அஞ்சு வயசுப் பையனுக்கு மெடிக்கல்ல வாங்கிக் குடுத்துடாதீங்க. குழந்தை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய், "வீட்ல நாய்க்கு லெப்டோ சந்தேகம், பையன் கூடவே இருந்தான்"ங்கற ஒரு வரிய மறக்காமச் சொல்லச் சொல்லுங்க. அதச் சொல்லலைன்னா வைரல் காய்ச்சல்னு எழுதி அனுப்பிடுவாங்க. அடுத்த ரெண்டு மூணு வாரத்துக்குள்ள வீட்ல யாருக்காவது காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்ணு சிவக்கறதுன்னு வந்தா அன்னைக்கே போகணும். யாராவது கர்ப்பமா இருந்தா குட்டியோட மூத்திரப் பக்கமே போக வேண்டாம்.

செவலைக்கு சனிக்கிழமை ஊசி போடும்போது வெறிநாய் ஊசித் தேதியையும் பாத்துக்கங்க, ரெண்டும் ஒரே மாசத்துல வர்ற மாதிரி வச்சுக்கிட்டா மறக்காது.